சோப்பு போகிற வரைக்கும்

எங்கள் மேல் வீட்டு ஆன்ட்டிக்குத் துவைத்த துணியை நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. வாஷிங் மெஷின் வேலையை முடித்துக் கூவி ஓய்ந்ததும் மூடியைத் திறப்பார். படுக்கை விரிப்பின் ஒரு முனையை வெளியே இழுத்து முறுக்குவார். சொட்டுகிற தண்ணீரை விரலில் வாங்கி நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குழம்பில் உப்பு பார்க்கிறவர்களின் முகம்தான். "இன்னும் சோப்பு கீது" என்றால் மறுபடி அலசல். "போய்ட்ச்சி" என்றால் துணி கொடிக்குப் போகும். முதல் தடவை பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த விரிப்பில் காலையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"நம்ம போர் தண்ணியே கடல் தண்ணி மாதிரி இருக்கு. இதுல சோப்பு ருசி எப்படி ஆன்ட்டி தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உப்பு நாக்கோட நின்னுடும். சோப்பு தொண்டைக்குப் போவும். வெச்சிப் பாரேன்" என்று முனையை என் பக்கம் நீட்டினார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நான் அவரிடம் சண்டை போடத்தான் முதலில் மாடி ஏறினேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் அப்பார்ட்மென்ட். நான் முதல் மாடி, ஆன்ட்டி என் தலைக்கு மேலே. தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். குடிவந்த கொஞ்ச நாளிலேயே என் சர்வீஸ் பால்கனியில், கேஸ் சிலிண்டருக்கு நேர் மேலே, கூரையிலிருந்து நுரைத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. எனக்கு முன்கோபம் உண்டு. அது மேல் வீட்டுக்கும் தெரியட்டும் என்று படியேறிப் போனேன்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரோ பீரோவைத் தூக்கித் தூக்கிப் போடுகிற மாதிரி சத்தம். பின்னால் போய்ப் பார்த்தால், மேல்பக்கம் மூடி உள்ள ஒரு பழைய வாஷிங் மெஷின் குதித்துக் குதித்துச் சுவரை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஒல்லியான, நரைத்த தலை, நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஓர் அம்மாள் அதை இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை ஆடியது. கீழ் வீட்டில் ஒழுகுகிறது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"கீயூட்டுப் பொண்ணா? ஒயுவுதா? தெரியும். அந்தப் பக்கம் புடி, சீக்கிரம்."

பிடித்தேன். வேறென்ன செய்ய? மெஷினை நிறுத்தினார். என்னைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். மெஷினின் ஒரு காலில் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய வட்டத்தை அங்கே செருகினார். பிறகு விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரை மூடியின் மேல் வைத்து, குனிந்து, எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்தார். அந்தப் பக்கத்துக் காலைத் திருகினார். மறுபடி டம்ளர். மறுபடி திருகல்.

"பெட்ஷீட் போட்டா எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிக்கும். அதான் இவன் ஆடுறான். ஆடி ஆடி தண்ணி பைப்பு லூசாவுது. அதான் உன் தலையில ஒயுவுது. இனிமே ஒயுவாது, போ."

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. வார்த்தை இல்லை, "ஆங்" என்று ஒரு சத்தம் மட்டும். "வரேன், வரேன், கீயூட்டுப் பொண்ணு வந்துகீது" என்று பதில் சொல்லிக்கொண்டே ஆன்ட்டி எழுந்தார். கதவிடுக்கில் அவர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆவடி ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டில் கொள்ளாத உயரம். முகச்சவரம் செய்து, பவுடர் போட்டு, கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார் ஆன்ட்டி. அந்த அறையில் நான் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. வெயிலில் காய்ந்த துணியின் வாசனைதான் இருந்தது.

சண்டை போடாமலே இறங்கி வந்தேன்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போக வர ஆரம்பித்தேன். இரக்கம் என்று சொல்லமாட்டேன். அவரிடம் யாருக்கும் இரக்கப்படத் தோன்றாது, அவ்வளவு வாய். என் வீட்டு மெஷினைப் பார்த்து, "இன்னா இது, குப்பைத்தொட்டியா?" என்று கேட்டவர். என் மெஷினின் பஞ்சுப் பையை அவர்தான் முதலில் கழற்றிக் காட்டினார். அப்படி ஒரு பை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. எலிக்குட்டி அளவுக்கு ஒரு பஞ்சுருண்டை வந்தது. நான் கூச்சலிட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

தன் மெஷினை அவர் பார்த்துக்கொண்ட விதம் தனி. தண்ணீர் உள்ளே வருகிற பைப்பைக் கழற்றி, அதன் வாயில் இருக்கிற சின்ன வலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். எங்கள் போர் தண்ணீரில் மணலும் உப்பும் சேர்ந்து அந்த வலையை அடிக்கடி அடைத்துவிடும். மாதம் ஒருமுறை மளிகைக்கடையில் வாங்கிய எலுமிச்சை உப்பைக் கொட்டி, துணி இல்லாமல் வெந்நீரில் ஓட்டுவார். சோப்புத் தூளைப் பாதிதான் போடுவார். முடிந்ததும் மூடியைத் திறந்தே வைப்பார். "மூடி வெச்சா புழுங்கிடும். அப்பால எல்லாத்துலயும் அந்த வாடை வரும்" என்பார். நடுவில் மெஷின் ஆட ஆரம்பித்தால் நிறுத்தி, விரிப்பைப் பிரித்து, நாலு பக்கமும் சமமாகப் பரப்பிவிட்டு மறுபடி ஓட விடுவார். அந்தக் கையோடு உள்ளே போய்ப் புருஷனைப் புரட்டிப் போடுவார். "இவரும் அவனும் ஒரே மாதிரி. ஒரே பக்கம் சாஞ்சி கெடந்தா ஆவாது."

இத்தனையும் அலசலுக்காகத்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பக்கவாதம் வந்தபோது அங்கிளை ஓர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கிளப்பும்போது பார்த்தால் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் புண். ஆன்ட்டி அந்த ஆஸ்பத்திரி விரிப்பை அங்கேயே நனைத்து, முறுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். "வெறும் சோப்பு. மொடமொடன்னு இருந்துச்சே, கஞ்சின்னு நெனச்சேன். அழுக்கு கூட ஒண்ணும் பண்ணாதும்மா. சோப்புதான் தோலைத் துன்னும்." புண் ஆறப் பல மாதம் ஆகியிருக்கிறது. அன்று பிடித்ததுதான் இந்த வழக்கம்.

நர்ஸாக இருக்கிற என் அண்ணியிடம் போனில் கேட்டேன். படுக்கைப் புண் அழுத்தத்தாலும் ஈரத்தாலும் வருவது, சோப்பு அதில் பெரிய விஷயம் இல்லை என்றாள். நான் சும்மா இருக்காமல் அதை ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னேன்.

"அவங்க சொல்றது கரெக்டு. நான் சொல்றதும் கரெக்டு" என்றார். "வா, வந்து பாரு." கூட்டிக்கொண்டு போய் அங்கிளைப் புரட்டி முதுகைக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. பழைய புண் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்து, பளபளவென்று இருந்தது. ஃபேக்டரி யூனிஃபார்ம் சட்டைகளைக் கிழித்து, பட்டன்களை வெட்டி எடுத்துவிட்டு, மடித்துத் தைத்து அவருக்கு அடியில் போடுகிற திண்டுகளாக ஆக்கியிருந்தார்.

அவருக்கு ஒரே பிள்ளை. பூந்தமல்லியில் புது ஃப்ளாட்டில் மனைவி குழந்தையோடு இருந்தான். ஐ.டி. வேலை. கெட்டவன் இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆன்ட்டி இருந்த மேல் வீடு அவன் பெயரில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக இங்கே வருவான். அப்பாவின் கால்களைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடுவான். பிறகு அம்மாவைப் பார்த்து அதே பேச்சை எடுப்பான். மாங்காட்டில் ஒரு ஹோம் இருக்கிறது, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், உனக்கு வயசாகிறது, உன் இடுப்பு போய்விடும். "நீ முடியலன்னு சொல்ற அன்னிக்கு கூட்டிட்டுப் போறேம்மா. அதுவரைக்கும் நான் பேசல" என்பான்.

ஆன்ட்டி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டார். படியில் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கியபோதுகூட "முடியல" என்று அவர் வாயில் வரவில்லை. மெஷின் நின்றால் பிள்ளை பேச ஆரம்பிப்பான் என்பது அவருக்குத் தெரியும். அவர் பயந்ததெல்லாம் அதற்கு ஒன்றுக்குத்தான். சாமிக்குப் பயந்த மாதிரிகூடத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு காலை மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, டப்பா சுற்றவில்லை. ஆவடியில் ஸ்பேர் விற்கிற கடைக்கு அன்று லீவு. உள்ளே முந்தின நாள் துணி, தண்ணீரோடு நிற்கிறது. பிள்ளை வருகிற நேரம். ஆன்ட்டி கீழே வந்து என் கதவைத் தட்டினார்.

"உங்க ஊட்டுல தொவைச்ச பெட்ஷீட் கீதா?"

"இருக்கு. எதுக்கு?"

"குடு. நனைச்சி மேல கொடியில போடணும். வெறும் கொடியைப் பாத்தான்னா கேப்பான்."

என் கல்யாணத்துக்கு வந்த மயில் போட்ட விரிப்பு அன்று மேல் வீட்டுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை வந்தான். நானும் வேண்டுமென்றே அங்கே நின்றேன். "என்னம்மா, மெஷின் சத்தமே காணோம்?" என்றான்.

"அதுக்கும் ஞாயித்துக்கெயமை லீவு உட்டுக்கீறேன். நீ மட்டும்தான் லீவு எடுப்பியா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போனதும் ஆன்ட்டி பாத்ரூமில் குந்தி அத்தனை துணியையும் கையால் அலசினார். அழுக்கு போகிற வரைக்கும் இல்லை, நாக்கில் சோப்பு போகிற வரைக்கும். அன்று அவர் விரல்களின் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் ஆவடியில் பெல்ட்டை வாங்கிவந்து அவரே மாட்டினார்.

அடுத்த கோடையில் போர் வற்றியது. லாரித் தண்ணீர்தான். கீழ்த்தொட்டியில் இறக்கி, மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றி, காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடுவார்கள். அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். பைக் கழுவக்கூடாது, மெஷின் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். செக்ரட்டரி ரிட்டயர் ஆன மனிதர். எல்லா வீட்டுக் குழாய்க்கும் காது வைத்திருப்பவர். அவரே ஆன்ட்டி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க மெஷின் விடாம ஓடுதுன்னு கம்ப்ளெயின்ட் வருது மேடம். ஒருதடவை அலசினா போதாதா? மத்தவங்களும் மனுஷங்கதானே?"

"நீங்க ஒருநாள் உட்டு ஒருநாள் பாத்ரூம் போங்க சார். நானும் ஒருநாள் உட்டு ஒருநாள் போடுறேன்."

படியில் நின்ற எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செக்ரட்டரி முகம் கறுத்து இறங்கிப் போனார். ஆனால் அவர் சொன்னது ஆன்ட்டிக்குள் போய்விட்டது. மற்றவர் பங்குத் தண்ணீரை எடுக்கிறோம் என்ற பேச்சு அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்.

அழுக்குத் தண்ணீரை மேலே தள்ளி வெளியேற்ற அந்த மெஷினுக்குள் ஒரு சின்ன பம்ப் உண்டு. அதன் குழாய் சுவரில், மெஷின் உயரத்துக்கு ஒரு கொக்கியில் மாட்டி, சாக்கடைப் பைப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆன்ட்டி அந்தக் குழாயைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே பக்கெட்டில் விட்டார். அலசின தண்ணீர் பக்கெட் பக்கெட்டாக வந்தது. கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொண்டார். மிஞ்சியதை எங்கள் எல்லோர் வாசலிலும் கொண்டுவந்து வைத்தார். "நல்ல தண்ணிதான், நாலாவது அலசல்" என்பார். செக்ரட்டரி வீட்டு வாசலிலும் ஒன்று வைத்தார். எல்லோரும் எடுத்து ஊற்றிக்கொண்டோம். அவரைப் பற்றி ஒருத்தரும் அப்போது கம்ப்ளெயின்ட் பண்ணவில்லை.

ஒவ்வொரு தடவையும் பக்கெட் வேலை முடிந்ததும் குழாயைக் கொக்கியில் மாட்டிவிடுவார். ஒருநாள் காலை மாட்டவில்லை. அங்கிளுக்கு வயிற்றுப்போக்கு. விடிந்ததிலிருந்து துணிமேல் துணி. ஒரு லோடு முடித்து அடுத்த லோடு போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவரைத் துடைக்க உள்ளே ஓடியிருக்கிறார். குழாய் தரையில் பக்கெட்டிலேயே கிடந்தது. குழாய் வாய் கீழே இருந்தால் மெஷினில் தண்ணீர் நிற்காது. மேலே நிரம்ப நிரம்பக் கீழே வழிந்துவிடும். பக்கெட் நிரம்பி, தண்ணீர் தரை வழியே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மெஷினோ நிரம்பவே இல்லை என்று காத்துக்கொண்டே இருந்தது. காத்துப் பார்த்துத் தண்ணீர் வரவில்லை என்று கூவியது. ஆன்ட்டி ஓடிவந்தார். அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், உள்ளே வருகிற பைப்பின் வலை அடைத்திருக்கும். கழற்றினார், தேய்த்தார், மாட்டினார், பட்டனை அழுத்திவிட்டு உள்ளே ஓடினார். மறுபடி கூவியது. மறுபடி வலை.

என் பால்கனியை ஒட்டிப் போகிற சாக்கடைப் பைப்பில் தண்ணீர் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டு நான் மேலே போனேன். ஆன்ட்டி மெஷினுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, டூத் பிரஷ்ஷால் அந்த வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காலுக்குப் பக்கத்தில் பக்கெட் வழிந்திருந்தது. தரை முழுக்க ஈரம். ஆனால் அந்தத் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அவர் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் குனிந்து குழாயை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன்.

அவர் குழாயைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். கையில் இருந்த வலையைப் பார்த்தார். "கீயே பாக்கவே இல்லடி நானு" என்றார். என்னை "டி" போட்டு அவர் கூப்பிட்டது அன்றுதான்.

அதற்குள் கட்டிடம் முழுக்கக் குழாய்கள் இருமி நின்றுவிட்டன. டேங்க் காலி. ஆபீஸ் கிளம்புகிற நேரம். அவரவர் வீட்டில் அவரவர் கத்துகிறார்கள். செக்ரட்டரி படியேறி வந்தார், இடுப்பில் துண்டோடு. தலையிலிருந்து தொப்பை வரை சோப்பு. பாதிக் குளியலில் தண்ணீர் நின்றிருக்கிறது. நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா மேடம்?" என்று கையை விரித்துக் காட்டினார். "சோப்பு இப்படியே ஒடம்புல காஞ்சா எப்படி எரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆன்ட்டி தரையிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாய்க்கு ஆயிரம் பதில் வந்திருக்க வேண்டும். "தெரியும் சார்" என்றார். அவ்வளவுதான்.

செக்ரட்டரி அன்றே பிள்ளைக்குப் போன் செய்தார். வார நடுவில், ஆபீஸ் கார்டு கழுத்தில் தொங்க, அவன் வந்து நின்றான். வயிற்றுப்போக்கில் கிடந்த அப்பாவையும், துவைக்காமல் மூலையில் குவிந்திருந்த துணியையும், அம்மாவையும் பார்த்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆன்ட்டி திருப்பிக் கத்தியிருப்பார்.

"முடியலம்மா. உன்னால முடியல" என்றான். அவர் சொல்லாததை அவனே சொல்லிவிட்டான்.

மாங்காட்டு ஹோமிலிருந்து வண்டி வந்தது. அங்கிளை ஸ்ட்ரெச்சரில் படி இறக்கியபோது அவர் "ஆங், ஆங்" என்று மாடியைப் பார்த்துச் சத்தமிட்டார். யூனிஃபார்ம் திண்டுகளை ஆன்ட்டி மடித்துப் பையில் கொடுத்தார். வந்த ஆளின் கையைப் பிடித்து, "தம்பி, ரெண்டு தபா அலசு. மறக்காத. முனையை முறுக்கி வாயில வெச்சிப் பாத்துடு" என்றார். அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

அதன்பிறகு ஆன்ட்டி தினமும் மாங்காட்டுக்குப் போனார். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ. போகும்போது பையில் காய்ந்த விரிப்பு. வரும்போது அங்கே மாற்றிய அழுக்கு விரிப்பு. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார்களாம். "எனக்கு நல்லா ஜன்னல் சீட்டு கெடைக்கிது" என்றார் என்னிடம். வந்ததும் மெஷின் ஓடும். செக்ரட்டரி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நான் விடுவதாக இல்லை.

கொஞ்ச நாளில் ஹோமில் தடுத்துவிட்டார்கள். வெளித்துணி உள்ளே வந்தால் மற்றவர்களுக்கு நோய் தொற்றும், எங்களிடம் பெரிய மெஷின் இருக்கிறது, நாங்களே துவைக்கிறோம் என்றார்கள். யூனிஃபார்ம் திண்டுகளையும் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கவும் வாரம் ஒருநாள்தான் என்றார்கள். மெஷின் நின்றது. என் தலைக்கு மேல் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஒருநாள் மேலே போனபோது மூடி திறந்தே இருந்தது, பஞ்சுப் பை கழுவிக் காயவைத்திருந்தது, ஆன்ட்டி வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"துணியே இல்லையே ஆன்ட்டி?"

"வருவாரு இல்ல?" என்றார்.

மழை ஆரம்பித்த வாரத்தில் வந்தார். புண் பெரிதாகி, ஜுரம் வந்து, ஹோமிலேயே போய்விட்டார். ஐஸ் பெட்டி வைக்கக்கூட நேரமில்லை. சாலையெல்லாம் தண்ணீர், கல்லறைத் தோட்டத்திலும் தண்ணீர் ஏறுகிறது, சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்றார்கள். மொட்டைமாடி டேங்க் நிரம்பி, வழிகிற தண்ணீர் எங்கள் ஜன்னல்களைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் சவப்பெட்டி. வெள்ளைச் சட்டை, வேட்டி. ஹோமிலிருந்து போர்த்தி அனுப்பிய வெள்ளைத் துணி மார்பிலிருந்து கால் வரை. செக்ரட்டரி குடையோடு வாசலில் நின்றார். ஃபாதர் ஜெபம் முடித்து, மூடிவிடலாம் என்று தலையசைத்தார்.

ஆன்ட்டி எழுந்தார். அதுவரை அவர் அழவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு அங்கிளின் இடுப்புக்கு அடியில் தடவினார். அங்கே பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டிருந்ததை நானும் பார்த்தேன். கையை எடுத்தார். போர்த்தியிருந்த துணியின் முனையைப் பிடித்தார். அது காய்ந்த துணி, முறுக்கினால் சொட்டாது. அதனால் முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும், கண்ணை மூடி, ஒரு குழந்தை மாதிரி சப்பினார்.

"சோப்பு கீது" என்றார்.

அவர் அந்தத் துணியை முழுவதும் உருவி எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். பிள்ளை பின்னாலேயே ஓடினான். "அம்மா, எல்லாரும் வெயிட் பண்றாங்கம்மா. ஃபாதர் வெயிட் பண்றார்."

"பண்ணட்டும். இப்போதான் தண்ணி கீதே."

துணியை மெஷினில் போட்டார். குழாய் கொக்கியில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அலசல் பட்டனை அழுத்தினார். தண்ணீர் நல்ல வேகத்தில் வந்தது. ஹாலில் யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். முதல் அலசல் முடிந்து மெஷின் கூவியது. ஆன்ட்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையசைத்து மறுபடி அழுத்தினார். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். செக்ரட்டரி குடையை மடக்கிச் சுவரோரம் வைத்தார்.

கடைசியாகப் பிழிகிற சுற்று வந்தது. ஒற்றைத் துணி, ஒரே பக்கம் ஒதுங்கிவிட்டது. மெஷின் டமடமவென்று குதிக்க ஆரம்பித்தது. ஆன்ட்டி இடுப்பால் முட்டுக்கொடுத்தார். பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அந்தப் பக்கம் புடி" என்றார் அவனிடம்.

அவன் பிடித்தான். இரண்டு கையாலும் அணைத்து, நெற்றியை மூடிமேல் வைத்துக்கொண்டு பிடித்தான். அவன் தோள் குலுங்கியது மெஷினாலா அழுகையாலா என்று எனக்குத் தெரியவில்லை. மெஷின் நின்றது. ஆன்ட்டி துணியை எடுத்தார், முனையை முறுக்கினார், ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

ஈரத் துணியைக் கொண்டுபோய் அங்கிள் மேல் விரித்து, நான்கு பக்கமும் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்.

"போய்ட்ச்சி" என்றார். "இப்ப மூடுங்க."